புராஸ்டேட் அறுவைக்குப் பின் பி.எஸ்.ஏ. சோதனை ஏன்?

புராஸ்டேட் புற்றுநோய் உள்ள வீடுகளில் 'பி.எஸ்.ஏ.' என்ற பெயர் அடிக்கடி அடிபடும். இது புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதி, அதாவது என்சைம். பெரும்பாலும் புராஸ்டேட் சுரப்பியில்தான் உற்பத்தியாகிறது. அதில் சிறிதளவு இரத்தத்திலும் கலக்கிறது.

அறுவை சிகிச்சையில் சுரப்பியை முழுவதுமாக அகற்றிவிட்டால் உற்பத்தி நின்றுவிடும். ஆனால் ஏற்கெனவே இரத்தத்தில் கலந்தது உடனே மறையாது. சுமார் இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். எனவே வீடு திரும்பிய வாரமே சோதித்துப் பார்த்து, 'இன்னும் இருக்கிறதே' என்று நாம் கலங்க வேண்டியதில்லை. பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் கழித்தே முதல் சோதனை செய்வார்கள். அப்போது கருவிக்கே தென்படாத அளவுக்கு அது இறங்கியிருக்க வேண்டும்.

பின்னாளில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.2 நானோகிராம் அல்லது அதற்கு மேல் ஏறி, மறு சோதனையும் அதை உறுதி செய்தால், நோய் திரும்புகிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். வலியோ வேறு தொந்தரவோ தெரிய ஆண்டுகள் ஆகலாம். இந்த நொதி முன்பே காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சையால் நோயை வெல்ல வாய்ப்பு உண்டு.

ஆகவே, 'ஆபரேஷன் முடிந்துவிட்டது, வாப்பா நன்றாகத்தான் இருக்கிறார்' என்று சோதனையை நிறுத்திவிடாதிருப்போம்.