ஒளிச்சிருந்து தப்பும் கேம்கள்: 48 மணிநேரத்தில் நாங்கள் படித்த ஒரு சரித்திரம்

சின்ன வயசில் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடாத ஆள் எங்களுக்குள் ஒருவரும் இல்லை. ஆனால் அதை ஒரு வீடியோ கேமாகச் செய்ய வெளிக்கிட்டபோதுதான், ஒளிவது என்றால் என்னவென்று கொம்பியூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று விளங்கியது.

நாங்கள் நாலு பேர். பழைய லப்டொப் இரண்டு. இணையத்தில் நடந்த ஒரு கேம் ஜாமில் சேர்ந்திருந்தோம். ஒரு கருப்பொருள் தருவார்கள், குறித்த நேரத்துக்குள் விளையாடக்கூடிய ஒரு கேமைச் செய்து கொடுக்க வேணும். எங்களுக்குக் கிடைத்தது 48 மணிநேரம். எங்கட கேமில் துவக்கு இல்லை. இருட்டில் ஒருவர் வீட்டை விட்டு வெளியே வந்து, தண்ணீர், அரிசி, மண்ணெண்ணெய் மூன்றையும் எடுத்துக்கொண்டு திரும்ப வேணும். ஒழுங்கைகளில் ரோச் லைற்றோடு காவல்காரர் திரிவார்கள். பசி கூடக்கூட நடை தளரும்.

முதல் இரவே சிக்கல். பத்துக் காவல்காரரை விட்டோம். ஒவ்வொரு ரோச் வெளிச்சத்துக்கும் நிழல் கணக்குப் பார்க்க ஏலாமல் லப்டொப் திணறியது. ஐந்தாகக் குறைத்தோம், பிறகு மூன்று. எல்லாரும் சோர்ந்துபோய் இருக்க, எங்களில் ஒருவர் ‘மெற்றல் கியர்’ உருவான கதையைச் சொல்லத் தொடங்கினார்.

1987இல் கொனாமி நிறுவனம் வெளியிட்ட கேம் அது. அதை வடிவமைத்த ஹிடியோ கொஜிமாவுக்கு அப்போது 24 வயதுகூட ஆகவில்லை. அவரிடம் கேட்கப்பட்டது ஒரு போர் கேம். கையில் இருந்த எம்எஸ்எக்ஸ்2 கணினியிலோ ஒரே கிடைக்கோட்டில் எட்டு அசையும் உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. எதிரிகளும் குண்டுகளும் கூடினால் உருவங்கள் மறையத் தொடங்கிவிடும். ஆகவே சுடுவதை விட்டுவிட்டு, சுடாமல் தப்புவதையே விளையாட்டாக்கினார். எதிரிகள் கொஞ்சப் பேர் போதும், அவர்களின் கண்ணில் படாமல் போவதுதான் சவால். மூன்று காவல்காரரோடு நின்ற எங்களுக்கு அந்தக் கதை பெரிய ஆறுதல்.

அதற்கும் முன்னால் 1981இல், அமெரிக்காவின் மியூஸ் சொப்ட்வெயார் நிறுவனத்தில் சைலஸ் வார்னர் ‘காசில் வுல்ஃபென்ஸ்டைன்’ கேமை அப்பிள் 2 கணினிக்குச் செய்திருந்தார். நாசிகளின் கோட்டையில் அகப்பட்ட ஒரு கைதி தப்ப வேணும். குண்டுகள் கொஞ்சம்தான், பெட்டிகளைத் துழாவித் தேட வேணும். எதிரியின் சீருடை கிடைத்தால் போட்டுக்கொண்டு சாதாரணக் காவலரை ஏமாற்றலாம். ஆனால் எஸ்எஸ் படையாள் ஏமாறமாட்டான். ஒளிவதும் தட்டுப்பாடும் இந்த வகையில் ஆரம்பத்திலேயே சேர்ந்துதான் இருந்திருக்கின்றன.

1998இல் லுக்கிங் கிளாஸ் நிறுவனத்தின் ‘தீஃப்’ வந்தபோது ஒளியும் ஒலியும் விளையாட்டுக்குள் வந்தன. நீங்கள் எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறீர்கள் என்று திரையின் கீழே ஒரு கல் மினுங்கிக் காட்டும். கம்பளத்தில் நடந்தால் சத்தமில்லை, உலோகத் தரையில் நடந்தால் ஊருக்கே கேட்கும். இதை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம்: மணலில் மெதுவான சத்தம், தகரத்தில் பெரிய சத்தம். பார்வைக்கு மூன்று கேள்விகள். ஆள் கிட்ட நிற்கிறாரா? காவல்காரர் பார்க்கும் கோணத்துக்குள் இருக்கிறாரா? இடையில் சுவர் இருக்கிறதா? மூன்றாவதை நாங்கள் மறந்துபோனதால், முதல் நாள் முழுக்கக் காவல்காரர் மதிலுக்குள்ளால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேம் ஜாமின் சரித்திரம் இதற்குத் தலைகீழ். 2002இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் கிறிஸ் ஹெக்கரும் நண்பர்களும் கூடி நடத்திய ‘இண்டி கேம் ஜாம்’ தொடங்கியது தாராளத்தில்: திரையில் ஒரு லட்சம் உருவங்களைக் காட்டக்கூடிய ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு, இதால் என்னென்ன செய்யலாம் என்று பார்த்தார்கள். அதே ஆண்டு ஜெஃப் ஹவ்லண்ட் இணையத்தில் ‘லூடம் டாரே’யைத் தொடக்கினார். 2009 ஜனவரியில் முதலாவது ‘குளோபல் கேம் ஜாம்’ 23 நாடுகளில் நடந்தது. இன்று ஜாமில் தட்டுப்பாடு என்றால் அது நேரம்தான். அந்த நேரத்துக்குள் பிறந்த சின்ன யோசனைகள் பிறகு வளர்ந்ததும் உண்டு. ‘பாபா இஸ் யூ’ 2017 நோர்டிக் கேம் ஜாமில் செய்யப்பட்டதுதான்.

இரண்டாம் நாள் வந்த பிரச்சினைக்குக் கணக்கு உதவவில்லை. காவல்காரருக்கு என்ன உடுப்புப் போடுவது?

ஒருவர் சொன்னார், பச்சைச் சீருடை போடுவம், எல்லாருக்கும் உடனே விளங்கும் என்று. மற்றவர் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் பங்கரைக் கண்டதைவிட அதைப் பற்றிக் கேட்டதுதான் கூட. எங்கட அம்மாக்கள் அதைப் பற்றி முழுக்கச் சொன்னதுமில்லை. அவர்கள் சொல்லாததை எடுத்து, புள்ளி போட்டு, தோற்றால் திரும்ப விளையாடு என்று ஒரு பட்டன் வைக்கலாமோ? அந்த இரவு கோட் எழுதினதைவிடச் சண்டை பிடிச்சதுதான் கூட.

அப்போது பேச்சில் வந்தது 2014இல் போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் செய்த ‘திஸ் வோர் ஒஃப் மைன்’. 1990களில் சரயேவோ முற்றுகைக்குள் வாழ்ந்த சனத்தின் அனுபவத்திலிருந்து உருவான கேம் அது. அதில் நீங்கள் படைவீரர் இல்லை. இடிந்த வீட்டில் இருக்கும் சாதாரண ஆட்கள். இரவில் போய் மருந்தும் சாப்பாடும் தேட வேணும். சில நேரம் இன்னொருவரின் வீட்டிலிருந்துதான் எடுக்க வேணும். எடுத்தவர் அடுத்த நாள் மனமுடைஞ்சு போவார். போரைப் பற்றிய கேம் செய்யலாம். ஆனால் எடுப்பதற்கு ஒரு விலை இருக்க வேணும் என்று அது எங்களுக்குக் காட்டியது.

கடைசியில் சீருடையை விட்டுவிட்டோம். காவல்காரருக்கு முகமும் இல்லை, வெளிச்சம் மட்டும்தான். புள்ளிகளையும் எடுத்தோம். பிடிபட்டால் ‘தோற்றுவிட்டீர்கள்’ என்று வராது. வீட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். இதைப் பயந்த வேலை என்று எங்களில் ஒருவர் இன்னமும் சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லை என்று எங்களால் சொல்ல முடியவில்லை. முகத்தை மறைத்தால் யாருக்கும் கோபம் வராது, ஆனால் யாரும் பொறுப்புச் சொல்லவும் தேவையில்லை.

நேரம் முடிய பத்து நிமிடம் இருக்கக் கேமை ஏற்றினோம். ஒரு காவல்காரர் கிணற்றுக்கட்டில் முட்டி நின்றுவிடுகிற பிழை இன்னும் இருக்கிறது. அதைத் திருத்தும்போது சீருடைக் கதையையும் திரும்ப எடுக்கப்போகிறோம். இந்த முறை அம்மாக்களிடம் கேட்டுவிட்டு.