இரத்மலானையில் பிறக்கும் எண்

கல்கிசையைத் தாண்டினால் இரத்மலானை. அங்குள்ள விமான நிலையத்தில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அவதான நிலையம் இயங்குகிறது. காலை 8.30க்கு அங்கே வளியமுக்கத்தை வாசிக்கும்போது நம் கதாநாயகன் பிறக்கிறான். கடல்மட்டக் கணக்கில் 1010.4 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம்.

பிறந்த நேரம் இவனுக்கு முக்கியம். நம் பக்கத்தில் அமுக்கம் காலை பத்து மணியளவில் உச்சிக்கு ஏறி, பிற்பகல் நான்கு மணியளவில் இறங்கி, இரவு பத்துக்கு மறுபடி ஏறும். வெயில் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல். காலை வாசிப்பை மாலை வாசிப்போடு ஒப்பிட்டு “தாழமுக்கம் வருகிறது” என்று பதறுபவர் தினமும் பதற வேண்டியதுதான். நேற்று இதே நேரத்தில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, நிலையத்தின் உயரத்துக்கு ஈடான அமுக்கத்தைக் கூட்டிக் கடல்மட்டத்துக்கு இறக்குவார்கள். எட்டு மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு ஹெக்டோபாஸ்கல் கணக்கு. பழைய குறிமுறையில் ஆயிரத்தின் 1ஐயும் புள்ளியையும் வெட்டி, முன்னால் ஒரு 4ஐ ஒட்டினால் 40104. இந்த உடுப்போடு கொழும்பிலிருந்து புதுடில்லிக்கும், அங்கிருந்து உலக வலையமைப்புக்கும் போகிறான்.

போய்ச் சேரும் இடங்களில் ஒன்று ஐரோப்பிய நடுத்தரகால எதிர்வுகூறல் மையம். தலைமையகம் இங்கிலாந்தின் ரெடிங். 2022 முதல் அதன் பெருங்கணினி இத்தாலியின் பொலோனியாவில். அங்கே பெரிய வரவேற்பில்லை. இரத்மலானையில் என்ன அமுக்கம் இருக்கும் என்று அதன் கணினி வானிலை மாதிரி ஏற்கெனவே கணித்து வைத்திருக்கிறது. இவன் சொல்வது அதிலிருந்து சற்று விலகினால் கணிப்பைக் கொஞ்சம் திருத்துவார்கள். வெகுதூரம் விலகினால் இவனையே தள்ளிவிடுவார்கள்.

இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. முதல் உலகப்போரில் அம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே வானிலை அறிஞர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் கையால் ஒரு வானிலை முன்கணிப்புப் போட்டார். 1910 மே 20ஆம் திகதிக்கான ஆறு மணி நேரக் கணக்கு அது. அமுக்கம் 145 ஹெக்டோபாஸ்கல் ஏறும் என்று விடை வந்தது. உண்மையில் அது அசையவேயில்லை எனலாம். சமன்பாடுகளில் பிழையில்லை. தொடக்கத்தில் இட்ட அமுக்கமும் காற்றும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. தோல்வியை மறைக்காமல் 1922இல் புத்தகமாகவே போட்டாரே, அந்த நேர்மைக்கு என் வணக்கம்.

மாதிரியின் கணிப்போடு ஒத்துப்போனபின் நம் எண்ணுக்குத் தனி முகமில்லை. மாதிரியின் 137 அடுக்குகளில் கரைந்து, வரைபடமாக வெளியே வரும்போது 850, 700, 500, 200 ஹெக்டோபாஸ்கல் என்ற அமுக்க மட்டங்களில் பரவியிருக்கிறது. 850 ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் உயரம். நுவரெலியா அதைவிட உயரம் என்பதால் அங்கே அந்த மட்டம் நிலத்துக்குள் கிடக்கிறது! ஆனாலும் படத்தில் காற்று வரையப்பட்டிருக்கும். கணினி இட்டு நிரப்பியது அது.

பூமத்தியரேகைக்கு இவ்வளவு கிட்ட, அமுக்கக் கோடுகளை மட்டும் பார்த்து மழை சொல்வது வீண்வேலை. வேறுபாடுகள் அத்தனை மெல்லியவை. எதிர்வுகூறுபவர்கள் 850இல் காற்று எங்கே குவிகிறது, 200இல் எங்கே விரிகிறது என்றுதான் தேடுவார்கள். புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக மாத்தறை வரையான கடற்பரப்புக்கு வெளியிடும் அறிவித்தலிலும் காற்றின் திசையும் வேகமும் இடம்பெறும். படகை இறக்குவதா என்று மீனவர்கள் பார்ப்பதும் அதைத்தான்.