இரும்புக் குழாயும் காகிதக் குழாயும்

தளியில் தீபாவளி முடிந்த பிறகும் பட்டாசுச் சத்தம் ஓயாது. ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி, தளி பக்கம் இறங்கி வரும். விவசாயிகளும் வனத்துறையினரும் வெடி போட்டுத்தான் விரட்டுவார்கள். வாசலில் குழந்தை கொளுத்தும் அதே சரக்கு யானையையே ஓட வைக்கிறது! இந்தச் சரக்குக்கு இந்தப் பகுதியில் ஒரு போர்க்கள வரலாறும் உண்டு.

வாணவேடிக்கை தென்னிந்தியாவுக்குப் புதிதல்ல. 1443-ல் விஜயநகரம் வந்த ஹீராத் நாட்டுத் தூதர் அப்துர் ரசாக், அங்கே மகாநவமி விழாவில் பார்த்த வாணவேடிக்கை பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அது அரசர் நடத்தும் வேடிக்கை. சாதாரண மக்கள் எட்ட நின்று பார்த்ததோடு சரி.

18-ஆம் நூற்றாண்டில் ஓசூர், தளி வட்டாரம் ஹைதர் அலி, திப்பு சுல்தானின் மைசூர் அரசில் இருந்தது. அவர்களுடைய படையில் ராக்கெட் வீசுவதற்கென்றே தனிப் பிரிவுகள் இருந்தன. பழைய வாணங்களில் மருந்தைக் காகிதத்திலோ மூங்கிலிலோ அடைத்தார்கள். மைசூர்க்காரர்கள் இரும்புக் குழாயில் அடைத்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் விளைவு பெரியது. வெடிமருந்தைத் திறந்தவெளியில் கொட்டிப் பற்றவைத்தால் ‘புஸ்’ என்று எரிந்து போகும். அடைத்து வைத்தால்தான் வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும். காகிதம் சீக்கிரம் கிழிந்துவிடும், இரும்பு தாங்கும். அதனால் மைசூர் ராக்கெட் ஒரு கிலோமீட்டர் தூரம்கூடப் பறந்தது. 1780-ல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படை தோற்றதற்கு, அதன் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்ததும் ஒரு காரணம். ராக்கெட் பட்டுத்தான் அவை எரிந்தன என்று கருதப்படுகிறது.

1791-ல் ஓசூர்க் கோட்டை காரன்வாலிஸ் படையிடம் விழுந்தது. 1799-ல் திப்பு இறந்த பிறகு வட்டாரம் முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போய், அங்கே வில்லியம் காங்கிரீவ் செய்த ராக்கெட்டுகளுக்கு முன்மாதிரியாயின. 2018-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், நகரா கோட்டைப் பகுதியில் வறண்ட கிணறு ஒன்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட் குழாய்கள் கிடைத்தன.

சரி, இதற்கும் தீபாவளிக்கும் என்ன சம்பந்தம்?

1923-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதன் தொடர்ச்சியாகச் சிவகாசியில் பட்டாசுத் தொழில் வளர்ந்தது. அரசர் வீட்டு வேடிக்கை அப்படித்தான் நம் வாசலுக்கு வந்தது, காகிதத்தில் சுற்றி. அந்தக் காகிதம் மலிவு என்பதற்காக மட்டுமல்ல. வெடித்தால் தூளாகிப் பறப்பது காகிதம்தானே!

இதைத்தான் பையன்கள் கெடுக்கிறார்கள். அணுகுண்டு வெடியின் மேல் டப்பாவைக் கவிழ்த்து, அது எவ்வளவு உயரம் போகிறது என்று பார்ப்பது எல்லாத் தெருவிலும் நடக்கிற விளையாட்டு. டப்பாவைக் கவிழ்த்த அந்த நொடியில் காகித வெடி இரும்பு வெடியாகிவிடுகிறது. பாட்டிலுக்குள் போட்டால் கண்ணாடிச் சில்லுகள்! ராக்கெட்டை நிறுத்தி வைக்கும் பாட்டிலும் ஆபத்துதான். அது சாய்ந்தால் ராக்கெட் எதிர்வீட்டு ஜன்னலுக்குப் போகும். மணல் நிரப்பினால் சாயாது.

சட்டங்களும் ஒவ்வொன்றாக வந்தன. 1884-ல் வெடிபொருள் சட்டம். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை லேசான உரசலிலேயே வெடிக்கும் என்பதால் 1992-ல் அதற்குத் தடை. 1999-ல் சத்தத்துக்கு 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று வரம்பு. 2018-ல் உச்ச நீதிமன்றம் வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறைக்க, தமிழக அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்தது. (தெருவில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.)

ஆனால் எல்லையில் நடந்த பெரிய துயரத்துக்குக் காரணம் கொளுத்தியவர்கள் அல்ல. பெங்களூர்க்காரர்கள் விலை குறைவு என்று பட்டாசு வாங்க ஓசூர், அத்திப்பள்ளி பக்கம் வருவது வழக்கம். 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது தீப்பிடித்தது. ஓரிரு நாளில் இறந்தவர் எண்ணிக்கை 14 ஆனது, பிறகு இன்னும் கூடியது. பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து அங்கே வேலைக்குப் போனவர்கள். விடுமுறையில் கைச்செலவுக்குச் சம்பாதிக்கப் போன மாணவர்களும் அவர்களில் உண்டு. நம் வயதுப் பிள்ளைகள். கடைக்குள் சிக்கியவர்களால் வெளியே ஓடி வர முடியவில்லை.

வீட்டிலும் பட்டாசு மொத்தமாக எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் பரண் மேல், இல்லாவிட்டால் சமையலறை ஓரம். கொளுத்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பையைத் திறந்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அதில் ஒரு பொறி போதும். பையை வீட்டுக்குள் மூடி வைத்துவிட்டு, அப்போது வேண்டியதை மட்டும் வெளியே எடுத்து வரலாம். வெடிக்காமல் நின்ற வெடியைக் குனிந்து ஊதிப் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் விட்டு, எட்ட நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும். கம்பி மத்தாப்பு அணைந்தாலும் கம்பியின் சூடு உடனே அடங்காது. பக்கத்தில் வாளித் தண்ணீர் இருந்தால் கம்பியை அதில் போடலாம். சுட்டுக்கொண்டால் பேனா மையும் பற்பசையும் வேண்டாம், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.