டயரைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி எப்போது பிறந்தது? – பிம்ப்ரியை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

விரைவோட்டத்துக்கென உருவான ஒரு செடான் காருக்கு எந்த டயரைப் பொருத்துவது என்னும் கேள்வியை வாகன இதழ்களுக்கு உரியதென்று ஒதுக்கிவிடுவது கல்விப்புலத்தின் வழக்கம். ஆயினும் அக்கேள்வி எழுவதற்கே மூன்று முன்நிபந்தனைகள் வேண்டும். சந்தையில் ஒன்றுக்கு மேற்பட்ட தரத்தில் டயர்கள் இருக்க வேண்டும். அவற்றின் வேறுபாட்டை வெளிக்காட்டும் சாலை இருக்க வேண்டும். அவ்வேறுபாட்டைப் படித்தறியக் குறியீடுகள் இருக்க வேண்டும். இம்மூன்றும் ஓரிடத்தில் கூடிய வரலாற்றைக் காணப் பிம்ப்ரி–சிஞ்ச்வட் பகுதியினும் பொருத்தமான களம் இந்தியாவில் அரிது.

முதலில் பற்றாக்குறையின் காலம். இந்தியாவின் முதல் டயர் ஆலையை டன்லப் நிறுவனம் 1936இல் வங்கத்தின் சாகாகஞ்சில் நிறுவியது. சென்னைத் திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952இல் தேய்ந்த டயருக்கு மேலொட்டும் ரப்பர் தயாரிப்பில் இறங்கி, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து முழு டயர் உற்பத்திக்கு வந்தது. புதிய டயருக்கு முன்பே மேலொட்டு ரப்பர் வந்தது என்னும் இவ்வரிசையே அக்காலப் பொருளாதாரத்தைச் சொல்லிவிடுகிறது. அம்பாசடருக்கு 5.90-15, பத்மினிக்கு 5.20-14 என அளவுகள் நிலைபெற்றிருந்தன. அக்காலத்துக் கார் உரிமையாளர் டயரைத் தேர்ந்தெடுக்கவில்லை, கிடைத்ததைப் பெற்றார்.

அன்றைய டயர்கள் பெரும்பாலும் குறுக்கிழை அமைப்புடையவை. அவற்றில் இழையடுக்குகள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிச் செல்லும். பக்கச்சுவர் வளையும்போது மேற்பரப்பும் சேர்ந்து நெளியும், வெப்பம் பெருகும். 1946இல் மிஷ்லின் காப்புரிமை பெற்ற ரேடியல் அமைப்பு இவ்விரண்டையும் பிரித்தது. இழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகச் செல்ல, மேற்பரப்பின் கீழே எஃகுப் பட்டை தனியே இறுகி நிற்கும். இந்தியாவில் ஜே.கே. நிறுவனம் 1977இல் ரேடியல் உற்பத்தியைத் தொடங்கிற்று. எனினும் குறுக்கிழையோடு பொறுமையாக ஊர்ந்த கார்களும் குறுகிய சாலைகளும் இருந்தவரை அதன் பயனை உணர்ந்தோர் சிலரே.

இனிப் பிம்ப்ரி. 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் ஆலையோடு தொடங்கிய இதன் தொழில் வரலாறு, 1960களில் டெல்கோவின் வருகையால் வாகனத் தொழிலாக உருமாறியது. இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் 1966இல் புணேயில் அமைந்தது. மத்தியச் சாலைப் போக்குவரத்து நிறுவனம் 1967இல் உருவாகி, பின்னர் அருகிலுள்ள போசரியில் இயங்கியது. வாகனத்தைச் செய்வோரும் சோதிப்போரும் ஒரே நகர்ப்பரப்பில் அமைந்தனர். பிம்ப்ரி ஆலையிலிருந்து 2002இல் டாடா இண்டிகோ செடான் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மும்பை–புணே விரைவுச்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. களம்போலியில் தொடங்கி 94.5 கிலோமீட்டர் ஓடும் அச்சாலை முடிவுறும் கிவளே, பிம்ப்ரி–சிஞ்ச்வட்டின் விளிம்பில் உள்ளது.

இடைநில்லாமல் ஒரே வேகத்தில் ஒரு மணிநேரம் ஓடுவது என்னும் அனுபவம் இந்தியக் கார்களுக்கு இச்சாலையால்தான் பரவலாக வாய்த்தது. டயர் வெடிப்பு என்னும் சொல் அதன் விபத்துச் செய்திகளோடு ஒட்டிக்கொண்டது. பழி கான்கிரீட்டின்மேல் எளிதில் விழுந்தது. ஆனால் இயற்பியல் வேறு காரணங்களையே முதன்மையாகச் சுட்டுகிறது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக மடங்கி விரியும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் ஒரு மடிப்பு நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். டயரின்மேல் அலையொன்று நிலைத்து நிற்கும். அவ்வெப்பத்தில் ரப்பரும் இழையும் பிரியும். மிகைச்சுமையும் டயரின் முதுமையும் இதை விரைவுபடுத்தும்.

குறியீடுகளுக்கு வருவோம். 2022இல் சாக்கணில் தயாராகி விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், 1.5 லிட்டர் டர்போ எஞ்சினில் 150 பி.எஸ். ஆற்றல் தரும் செடான். அதன் டயர் அளவு 205/55 ஆர்16. அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 விழுக்காடு, ரேடியல் அமைப்பு, 16 அங்குல ரிம். இவ்வளவில் வழக்கமாகக் காணப்படும் '91வி' என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும், மணிக்கு 240 கிலோமீட்டர் வரை ஓடும் என்பதைக் குறிக்கும். வேக எழுத்துகளின் வரிசை விந்தையானது: எஸ் 180, டி 190, யு 200, எச் 210, வி 240. அகரவரிசையை மீறி எச் இடையே நுழைந்திருப்பது ஒரு தொல்லியல் படிவம். ஐரோப்பாவில் முதலில் எஸ், எச், வி என்னும் மூன்று வகைகளே இருந்தன. ஏனைய எழுத்துகள் பின்னர் இடைவெளிகளில் செருகப்பட்டன. அதாவது இக்குறியீட்டின் அடித்தளம் ஐரோப்பிய விரைவுச்சாலைகளின் வறண்ட வேகம்.

மும்பை–புணே விரைவுச்சாலையின் சமவெளிப் பகுதியில் காருக்கான வேக வரம்பு 100. ஆகவே 240க்கும் 270க்கும் இடையிலான வேறுபாடு வெப்பத்தைத் தாங்கும் மிகைவலிமை என்ற அளவிலேயே இங்குப் பொருள்படும். இங்கு உயிரைத் தீர்மானிப்பது போர்காட் மலைப்பாதையின் பருவமழை. 1960களில் நாசாவில் வால்டர் ஹார்னும் உடன் ஆய்ந்தோரும் விமான டயர்களைக் கொண்டு ஒரு தொடர்பைக் கண்டனர்: நீர் தேங்கிய பரப்பில் டயர் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. அச்சூத்திரப்படி 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அது ஏறத்தாழ 94 கிலோமீட்டர். 25இல் ஏறத்தாழ 83. டயரின் பள்ளங்கள் நீரை வெளியேற்றும் வரை இவ்வெல்லை தள்ளிப்போகும். அவை தேய்ந்துபோனால் கார் சட்டபூர்வமான வேகத்திலேயே மிதக்கும்.

இந்நிலையில் அகலமான டயரே விளையாட்டுத்தன்மைக்கு அடையாளம் என்னும் நம்பிக்கையைப் பரிசீலிக்க வேண்டும். 205/55 ஆர்16க்கு மாற்றாக 225/45 ஆர்17 பொருத்தினால் வெளிவிட்டம் ஏறத்தாழ மாறாது: 632க்கு 634 மில்லிமீட்டர். வறண்ட வளைவில் பிடிப்பு கூடும். ஆனால் விலக்க வேண்டிய நீரின் அளவும் கூடும். பக்கச்சுவர் 11.5 மில்லிமீட்டர் தாழ்வதால் குழியின் அடி ரிம்மை நேரே தாக்கும். 1990களில் பரவிய சிலிக்கா கலவை, உருளும் தடையைக் குறைத்துக்கொண்டே ஈரத்தில் பிடிப்பைக் காக்க வழி செய்தது. பிம்ப்ரியின் சூழலுக்கு இவ்வேதியியல், அகலத்தைவிடப் பெரிய முன்னேற்றம்.

அண்மைக்கால அரசாணைகள் இரண்டு இவ்வரலாற்றை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. 2020 சூன் மாதம் புதிய டயர்களின் இறக்குமதி உரிமம் வேண்டும் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. உள்நாட்டு உற்பத்தி இதனால் காப்புப் பெற்றது. உயர்திறன் டயர்களில் பெரும்பகுதி இறக்குமதியாகவே இருந்ததால், தேர்வின் பரப்பு சுருங்கிற்று. 2022இலோ சாலைப் போக்குவரத்து அமைச்சகம் உருளும் தடை, ஈரப்பிடிப்பு, ஓசை ஆகியவற்றுக்கு வரம்புகளை அறிவித்து, அவ்வாண்டு அக்டோபர் முதல் புதிய வடிவமைப்புகளுக்குக் கட்டாயமாக்கியது. ஈரச்சாலை இந்தியச் சட்டத்தின் மொழிக்குள் நுழைந்த தருணம் என்று இதைக் கருதலாம்.

ஆக, இன்று பிம்ப்ரியில் டயர் வாங்குவோரின் கேள்விகள் இவ்வரிசையில் அமைவது தகும்: முதலில் ஈரப்பிடிப்பு, அடுத்து, உற்பத்தியின் வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்கம், பின்னர் தயாரிப்பாளர் விதித்த சுமை, வேக எண்களுக்குக் குறையாமை, அகலம் இறுதியில். பொருத்திய பின்னர்க் காற்றழுத்தமும், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ் செல்லாமையும்.

தொழில்நுட்ப வரலாற்றில் ஆய்வு மேற்கொள்ள விழையும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலைகளின் வரலாறும் நிறுவனர்களின் வரலாறும் ஓரளவு எழுதப்பட்டுள்ளன. பழைய மும்பை–புணே சாலையோர டயர் கடைகளின் விற்பனைப் பதிவுகளையும் மேலொட்டுப் பட்டறைத் தொழிலாளரின் நினைவுகளையும் தொகுத்தால், மக்கள் எந்த ஆண்டில், எந்த அச்சத்தால், எதைக் கேட்டு வாங்கத் தொடங்கினர் என்பதைக் கண்டறியலாம். மராத்தியும் தமிழும் அறிந்தோர்க்கு அக்களம் காத்திருக்கிறது.