உள்ளும் புறமும்: இதய மேலறை நடுக்க மருத்துவத்தின் வரலாறு

நாடி பிடித்துப் பார்த்த பண்டை மருத்துவருக்கு ஒழுங்கு தவறிய துடிப்பு புதியதன்று. ஆயினும், அவ்வொழுங்கின்மை இதயத்தின் எப்பகுதியில் பிறக்கிறது என்பதை அறிய இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லைடன் நகரப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன் அமைத்த கருவி இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரைந்து காட்டியது. 1909-ஆம் ஆண்டில், இலண்டனில் தாமஸ் லூயிசும் வியன்னாவில் ரோத்பெர்கர், வின்டர்பெர்க் ஆகிய இருவரும், மேலறைகள் முறையாகச் சுருங்காது நடுங்குவதே இதன் காரணம் என நிறுவினர்.

நடுங்கும் மேலறையில் நிமிடத்திற்கு 350 முதல் 600 வரை மின்னலைகள் ஓடுகின்றன. நெஞ்சு படபடப்பதோடு நின்றுவிட்டால் இதனைப் பெரிதாகக் கருத வேண்டுவதில்லை. இடமேலறையின் மூலையிலுள்ள சிறு பையில் குருதி தேங்கி உறைகிறது. அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். ஏழு நாள்களுக்கு மேல் நீடிக்கும் நடுக்கத்தை 'நிலைத்த நடுக்கம்' என்பர். மருத்துவர்க்குப் பெருஞ்சோதனையாக நின்றது இதுவே.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், 1987 செப்டம்பர் 25 அன்று, அறுவை மருத்துவர் ஜேம்ஸ் காக்ஸ் ஒரு துணிகரச் செயலைச் செய்தார். மேலறைச் சுவரைப் பல இடங்களில் வெட்டி, மீண்டும் தைத்தார். தழும்பின் ஊடே மின்சாரம் பாயாது. எனவே அலைகள் சுழன்று திரிய வழியின்றி, தழும்புகளுக்கு இடைப்பட்ட ஒரே பாதையில் கீழறையை நோக்கிச் சென்றாக வேண்டும். புதிர்வழி போன்ற அமைப்பாதலின் இது 'மேஸ்' எனப் பெயர் பெற்றது. பயன் சிறந்ததே. ஆனால் மார்பெலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, செயற்கை இயந்திரத்தின் துணையால் உயிரைக் காத்துச் செய்யும் இவ்வறுவையை மேற்கொள்ளத் துணிந்தோர் சிலரே.

இதற்கிடையே, தொடைச் சிரை வழியே கதீட்டர் என்னும் மென்குழாயைச் செலுத்தி, இதயத்தினுள் வெப்பத்தால் சுடும் முறை வளர்ந்தது. 1998-இல் பிரான்சின் போர்டோ நகரில் ஹைசகேர் குழுவினர் 45 நோயாளிகளை ஆய்ந்தனர். நடுக்கத்தைத் தூண்டும் 69 மூலங்களுள் 65 நுரையீரல் சிரைகளில் இருப்பதைக் கண்டனர். அச்சிரைகளின் வாயிலைச் சுற்றிச் சுட்டால் விட்டுவிட்டு வரும் நடுக்கம் பெரும்பாலும் அடங்கியது. நிலைத்த நடுக்கமோ எளிதில் பணியவில்லை. உள்ளிருந்து சுடும் சூடு சுவரின் மறுபுறம் வரை எட்டாமல் போகலாம். எட்டட்டும் என்று மிகுதியாகச் சுட்டாலோ, பின்சுவரை ஒட்டிக் கிடக்கும் உணவுக்குழாய் புண்படும்.

அறுவை மருத்துவர்களும் வாளாவிருக்கவில்லை. 2005-இல் ராண்டல் வுல்ஃப், விலா இடையே சிறு துளைகளிட்டு, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தையே புறத்திலிருந்து இடுக்கியால் கவ்விச் சுடும் முறையை வெளியிட்டார். புறத்திலிருந்து சூடு ஆழப் பதிந்தது. எனினும் இரத்தக்குழாய் ஓடும் சில இடங்களை அங்கிருந்து தொடலாகாது. சுட்ட கோட்டில் இடைவெளி உண்டா என நுணுகி அறிதலும் அரிது. கதீட்டருக்கு இவ்விரண்டுமே கைவந்தவை. ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்யலாம் என்பது வெளிப்படை. ஆயினும் இரு துறையினரும் ஒரே மேசையருகே நிற்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர மருத்துவர்கள் 26 பேருக்கு இரு முறைகளையும் ஒரே அமர்வில் செய்து, ஓராண்டில் 83 விழுக்காட்டு வெற்றி கண்டதாக 2012-இல் எழுதினர். இவர்கள் அனைவரும் நிலைத்த நடுக்கம் உடையோர் அல்லர் என்பது கருதத்தக்கது. 2020-இல் வெளிவந்த 'கன்வெர்ஜ்' ஆய்வில் 153 பேர் பங்குபற்றினர். கூட்டுமுறையால் 67.7 விழுக்காட்டினரும், கதீட்டரால் மட்டும் 50 விழுக்காட்டினரும் நலம் பெற்றனர். ஆனால் கூட்டுமுறையில் 7.8 விழுக்காட்டினர்க்குக் கடுந்தீங்கு நேர்ந்தது. மற்றப் பிரிவில் ஒருவர்க்குமில்லை. வெற்றியை மட்டும் எடுத்துரைத்து இதனை மறைப்பது நேர்மையாகாது.

2023-இல் ஐரோப்பாவின் 'சீஸ்' ஆய்வு 71.6-க்கு 39.2 என்ற கணக்கைத் தந்தது. அங்கு இரு சிகிச்சையும் ஒரே நாளில் நடைபெறவில்லை. அறுவை மருத்துவர் புறத்தே சுட்ட தழும்பு ஆறுவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் விட்டு, அதன் பின்னரே மற்றவர் கதீட்டருடன் உள்ளே சென்று இடைவெளிகளைத் தேடினார்.