காற்றைக் கற்பித்த கவிதை

காற்றைக் கண்ணாற் காணல் இயலாது. ஆகவே, அதனைப் பிள்ளைகளுக்கு அறிவிக்க விரும்பிய முன்னோர் முதலில் அதற்குப் பெயரிட்டனர். பின்னர் அப்பெயரைப் பாட்டில் வைத்தனர். வடக்கிலிருந்து வீசுவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கீழைக்காற்று கொண்டல், மேலைக்காற்று கோடை. புலவர்கள் வாடையைக் கூதிர்காலத்துப் பிரிவோடும், தென்றலை இளவேனிலோடும் சேர்த்துப் பாடினர். அப்பாட்டைக் கற்ற பிள்ளை திசையையும் பருவத்தையும் ஒருங்கே கற்றது.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய அம்பாறைக் கரையூர்களில் மேலைக்காற்றுக்குக் கச்சான் என்பது பெயர். தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்கு மலைச்சாரலில் மழையைச் சொரிந்துவிட்டு, மத்திய மலைகளைக் கடந்து கீழிறங்குகையில் வறண்டு வெப்பமுறுகிறது. அதுவே கச்சான். மேற்கே ஆறுகள் பெருகும் அக்காலத்திற் கிழக்கே புல் கருகும். ஆயினும், அப்பொழுதுதான் கீழைக்கடல் அடங்கிக் கரைவலைக்கு இடந்தரும். பின்னர் வடகிழக்கிலிருந்து வாடை எழும். அது வயலுக்கு மழை, தோணிக்கோ தடை. இப்பகுதி முஸ்லிம் மக்கள் வழிவழியாகப் பாடிவரும் நாட்டார் கவிகளிலும் கச்சான் இடம்பெற்றுள்ளது.

இந்து சமுத்திரத்திற் கலஞ்செலுத்திய அராபியரும் பாட்டையே பாடநூலாக்கினர். மாலுமி அகுமது இப்னு மாஜித் 1462இல் கடற்பயணக் கலையை ஆயிரத்துக்கு மேற்பட்ட வரிகளிற் செய்யுளாகவே இயற்றினார். இருளிலும் அலையிலும் ஏட்டைப் புரட்ட இயலாது. மனத்தில் நின்ற செய்யுளே கைகொடுக்கும். பருவம் என்னும் பொருளுடைய ‘மவ்சிம்’ என்ற அரபுச் சொல்லே ஐரோப்பியர் வழக்கில் ‘மான்சூன்’ ஆயிற்று. காற்று எப்பொழுது வரும் என்பதை இவ்வாறு பாட்டு உணர்த்தியது. அது ஏன் வருகிறது என்பதற்கு, 1686இல் எட்மண்ட் ஹாலி என்னும் ஆங்கில விஞ்ஞானி சூரிய வெப்பத்தைக் காரணமாகக் காட்டி, கடற்காற்றுகளின் படம் ஒன்றையும் வெளியிட்டார்.

பெயரும் காரணமும் அறிந்த காலத்திலும் காற்று தன் கொடுமையைக் காட்டாமலில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் தேதி கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளியில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், தென்னந்தோப்புகள் வீழ்ந்தன, வீடுகள் கூரையிழந்தன. இன்று வானிலை ஆய்வாளர் புயலை முன்னரே கண்டு வானொலி வாயிலாக எச்சரிக்கின்றனர். திசையறியாத பிள்ளைக்கு அவ்வறிவித்தல் வெறும் ஓசை. வாடையையும் கச்சானையும் பாட்டிற் கற்ற பிள்ளைக்கோ, அது தந்தையின் தோணியை உடனே கரையேற்றச் சொல்லும் செய்தியாகும்.