நான்கு விநாடி காட்சிக்கு 15 மாத உழைப்பு: யார் இந்த ஹயாவோ மியாசாகி?

நிலநடுக்கம் வந்துவிட்டது. தெருவில் ஜனங்கள் ஒருவரை ஒருவர் நெருக்கியடித்து நகர்கிறார்கள். திரையில் இது ஓடுவது வெறும் நான்கு விநாடிதான். ஆனால் 2013-ல் வந்த 'தி விண்ட் ரைஸஸ்' படத்துக்காக இந்தக் காட்சியைக் கையால் வரைய, எய்ஜி யமாமோரி என்ற அனிமேட்டருக்கு ஒரு வருடம் மூன்று மாதம் ஆனது.

2025 மார்ச் கடைசியில் நம்மில் பலரும் சாட்ஜிபிடியில் போட்டோவைப் போட்டு சில நொடிகளில் எடுத்தோமே 'கிப்லி ஸ்டைல்' படம், அந்த ஸ்டைல் இப்படித்தான் உருவானது. அதோடு சேர்த்து எப்போதும் சொல்லப்படும் பெயர், இயக்குநர் ஹயாவோ மியாசாகி.

போர் விமானமும் குழந்தைப் பருவமும்

1941 ஜனவரி 5-ம் தேதி டோக்கியோவில் பிறந்தவர் மியாசாகி. இவருடைய குடும்பத்தின் தொழில் விமான பாகங்கள் தயாரிப்பது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பயன்படுத்திய 'ஜீரோ' போர் விமானத்துக்கான பாகங்கள் இவர்களின் தொழிற்சாலையிலிருந்துதான் போயின. போரால் வீட்டில் காசு வந்தது. அதே போரில், 1945-ல் உட்சுனோமியா நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது நான்கு வயது மியாசாகியோடு குடும்பம் அங்கிருந்து தப்பி ஓடியது.

விமானம் என்றால் உயிர், போர் என்றால் வெறுப்பு. இந்த முரண்பாட்டை அவர் கடைசி வரை தீர்த்துக்கொள்ளவே இல்லை. 'தி விண்ட் ரைஸஸ்' படத்தின் நாயகனே ஜீரோ விமானத்தை வடிவமைத்த ஜிரோ ஹோரிகோஷிதான். போர்க் கருவி செய்தவரை அழகாகக் காட்டலாமா என்று ஒரு பக்கம் கேட்டார்கள். நாட்டுக்கு எதிரான படம் என்று இன்னொரு பக்கம் திட்டினார்கள். ஸ்டுடியோ கிப்லியின் பெயரும் ஒரு இத்தாலிய விமானத்தின் பெயர்தான். (ஜப்பானில் 'ஜிப்லி' என்றுதான் சொல்வார்கள்.)

அம்மாவுக்கு முதுகெலும்பில் காசநோய். பல வருடம் படுத்த படுக்கை. 'மை நெய்பர் டோடோரோ'வில் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, இரண்டு சிறுமிகள் காத்திருப்பது எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும்.

'வெட்டக் கூடாது'

கல்லூரியில் படித்தது அரசியலும் பொருளாதாரமும். 1963-ல் டோயி அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே தொழிற்சங்கத்தில் முன்னணியில் நின்றபோது கிடைத்த சிநேகம்தான் இசாவோ தகஹாதா. பின்னாளில் கிப்லியை உருவாக்கிய இன்னொரு பெரிய இயக்குநர்.

1984-ல் 'நௌசிகா' வந்தது. அமெரிக்காவில் அதை 20 நிமிடத்துக்கு மேல் வெட்டி, வேறு பெயரில் வெளியிட்டார்கள். கதையே கெட்டுப்போனது. அதற்குப் பிறகு வெளிநாட்டுக்குப் படம் கொடுக்கும்போது, ஒரு காட்சியைக்கூட வெட்டக் கூடாது என்பது கிப்லியின் கண்டிஷன் ஆனது. கிப்லி தொடங்கியது 1985-ல்.

முழு ஸ்கிரிப்டை எழுதி வைத்துவிட்டுப் படம் எடுப்பவர் அல்ல மியாசாகி. ஸ்டோரிபோர்டு வரைந்துகொண்டே போவார். முடிவு என்னவென்று தெரிவதற்கு முன்பே அனிமேட்டர்கள் வேலையை ஆரம்பித்திருப்பார்கள். 1997-ல் வந்த 'பிரின்சஸ் மோனோனோகே'வில் சுமார் 1,44,000 செல் ஓவியங்கள். அதில் 80,000 வரை அவரே கைவைத்துத் திருத்தியதாகச் சொல்லப்படுகிறது.

இந்த உழைப்பை ரொமான்டிக்காக மட்டும் பார்த்துவிட முடியாது. மியாசாகிக்கு அடுத்து இவர்தான் என்று நம்பப்பட்ட யோஷிஃபுமி கோண்டோ, 1998 ஜனவரியில் 47 வயதில் இறந்துபோனார். அளவுக்கு மீறிய வேலைச்சுமை ஒரு காரணம் என்று அப்போதே பேசப்பட்டது.

ஓய்வு பெறுகிறேன், ஆனா...

மோனோனோகேவுக்குப் பிறகு ஓய்வு என்றார். திரும்பி வந்து 2001-ல் 'ஸ்பிரிட்டட் அவே' எடுத்தார். அது பெர்லினில் தங்கக் கரடி விருதையும், 2003-ல் ஆஸ்கரையும் வாங்கியது. விழாவுக்கு அவர் போகவில்லை. ஈராக் மீது குண்டு போடும் நாட்டுக்குப் போக விருப்பமில்லை என்று பல வருடம் கழித்துக் காரணம் சொன்னார்.

2013-ல் மறுபடி ஓய்வு. 2017-ல் மறுபடி வேலை.

நடுவில் 2016-ல்தான் அந்த வைரல் வீடியோ. கிப்லி ஏஐ டிரெண்டை மியாசாகி திட்டிவிட்டார் என்று பலரும் ஷேர் செய்தார்களே, அது அந்த டிரெண்டைப் பற்றியதே அல்ல. தலையைக் காலாக வைத்து ஊர்ந்து போகும் ஜோம்பி போன்ற உருவத்தை ஏஐ மூலம் உருவாக்கி அவருக்குக் காட்டினார்கள். உடல் அசைவே சிரமமாக இருக்கும் தன் நண்பர் ஒருவரை நினைத்துப் பார்த்த மியாசாகி, இது உயிரையே அவமதிப்பதாக உணர்கிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். என்.எச்.கே. ஆவணப்படத்தில் பதிவான அந்தக் காட்சியைத்தான் ஒன்பது வருடம் கழித்து இணையம் தோண்டி எடுத்தது.

அடுத்த படமான 'தி பாய் அண்ட் தி ஹெரான்' எவ்வளவு மெதுவாக நகர்ந்தது தெரியுமா? 60 அனிமேட்டர்கள் சேர்ந்து மாதத்துக்கு ஒரு நிமிடம்தான் முடிகிறது என்று தயாரிப்பாளர் தோஷியோ சுசுகியே சொன்னார். 2023 ஜூலை 14-ம் தேதி ஜப்பானில் ரிலீஸ். டிரெய்லர் கிடையாது, ஒரே ஒரு போஸ்டர். 2024-ல் 83 வயதில் இரண்டாவது ஆஸ்கர். இந்த முறையும் போகவில்லை.

இதுதான் கடைசிப் படம் என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்த 2023 செப்டம்பரில், கிப்லி நிர்வாகி ஒருவர் அதை மறுத்தார். புதுப் படத்துக்கான யோசனைகளோடு மியாசாகி தினமும் ஆபீசுக்கு வந்துகொண்டிருக்கிறார் என்றார்.